20/25, ஃபேன்டம் 2, ஃபேன்டம் 3: ஓட்டுவதற்கு எந்த ரோல்ஸ்-ராய்ஸ்?

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ரோல்ஸ்-ராய்ஸின் டெர்பி தொழிற்சாலையிலிருந்து வந்த கார்களில் ஒன்றை, அதுவும் அலங்காரமாக நிறுத்திவைக்க இல்லாமல் சாலையில் ஓட்ட, வாங்க நினைப்பவர் கடைசியில் மூன்று பெயர்களில் வந்து நிற்பார்: 20/25, ஃபேன்டம் 2, ஃபேன்டம் 3. முன்னால் நின்று பார்த்தால் மூன்றுக்கும் அதே கோபுர ரேடியேட்டர், அதன்மேல் அதே சிறகு விரித்த பெண். பானெட்டைத் தூக்கினால் மூன்றும் வேறு வேறு வண்டிகள். பெயரின் கம்பீரத்தையும் படத்தின் அழகையும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பிறகு எஞ்சின் பிரிக்கும்போது திகைக்கிறார்கள். எஞ்சினைத் திறந்தால் எவ்வளவு செலவாகும், மேலே ஏற்றியிருக்கும் பாடி எவ்வளவு எடை, எந்த வேகத்தில் எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளை முதலில் தீர்த்துவிட்டால் பெயர் தானாகவே அமையும்.

ஒரு சின்ன வேடிக்கை. 20/25-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் விட்டம் 82.6 மி.மீ., ஸ்ட்ரோக் 114.3 மி.மீ.; கொள்ளளவு 3,669 சி.சி. ஃபேன்டம் 3-இன் பன்னிரண்டு சிலிண்டர் V12 எஞ்சினிலும் அதே விட்டம், அதே ஸ்ட்ரோக். கொள்ளளவு 7,338 சி.சி. கணக்குப்படி ஒரு ஃபேன்டம் 3 என்பது சரியாக இரண்டு 20/25. பராமரிப்புச் செலவு மட்டும் இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்படாது. நடுவில் நிற்கும் ஃபேன்டம் 2-இன் கணக்கு தனி: 108 மி.மீ. விட்டம், 139.7 மி.மீ. ஸ்ட்ரோக், ஆறே சிலிண்டரில் 7,668 சி.சி. அதனால்தான் அந்த எஞ்சின் ஐட்லிங்கில் அவ்வளவு நிதானமாகச் சுழல்கிறது.

பாடியை முதலில் எடை போடுங்கள்

அந்தக் காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் விற்றது சேசிஸை மட்டும்தான். சட்டம், எஞ்சின், கியர் பெட்டி, ஆக்சில், ரேடியேட்டர் வரை டெர்பியின் வேலை. அதற்கு மேல் ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு, திரப் அண்டு மேபர்லி, கர்னி நட்டிங் போன்ற பாடி கட்டும் நிறுவனங்கள் வாங்குபவர் சொன்னபடி கட்டிக் கொடுத்தன. ஆகவே விற்பனை விளம்பரத்தில் ‘20/25’ என்று மட்டும் இருந்தால் பாதித் தகவல்தான் கிடைத்திருக்கிறது.

20/25-இல் இது உயிர்நாடியான விஷயம். 3.7 லிட்டர் எஞ்சினின் மேல், ஓட்டுநருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு வைத்த ஏழு பேர் லிமோசினை ஏற்றினால், கொஞ்சம் மேடு வந்ததுமே மூன்றாவது கியர், நல்ல மேடென்றால் இரண்டாவது. அதே சேசிஸில் நான்கு கதவு இலகு சலூன் இருந்தால் மணிக்கு 75-80 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் சிணுங்காமல் ஓடும். வேண்டுமென்றால் நூறைத் தாண்டவும் செய்யும். ஆக்சில் விகிதம் 4.55-க்கு 1, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.55 சுற்றுச் சுற்றும் என்பதால் அதற்கு மேல் விரட்டினால் எஞ்சின் வீணாகச் சுழலும். பலர் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடுவே ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர், பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்தியிருந்தால் நல்லதுதான். ஆனால் வெட்டிய அசல் ஷாஃப்ட் வண்டியோடு வருகிறதா என்று கேளுங்கள். பழைய நிலைக்குத் திருப்ப முடியாத மாற்றம் விலையைக் குறைக்கும்.

இன்னொன்று, பாடி மாற்றம். லிமோசின்களை யாரும் விரும்பாத காலத்தில் நிறைய 20/25-களின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த டூரர் பாடி கட்டினார்கள். ஓட்ட அது இலகுவானது, விலையில் அசல் பாடிக்கு ஈடாகாது. ஒவ்வொரு சேசிஸுக்கும் தொழிற்சாலைக் குறிப்பட்டை உண்டு. முதலில் யார் பாடி கட்டினார்கள், யாருக்குப் போனது என்றெல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப் இந்த ஆவணங்களைப் பாதுகாக்கிறது. பணம் பேசுவதற்கு முன் அதை வரவழைத்துப் படியுங்கள்.

20/25: பெரும்பாலோருக்கு இதுவே போதும்

1929 முதல் 1936 வரை 3,827 வண்டிகள். போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அந்த நிறுவனம் அதிகம் விற்ற மாடல் இது. உரிமையாளரே ஓட்டக்கூடிய அளவு. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களின் இடைவெளி, முதலில் 3.28 மீட்டர், பிறகு 3.35 மீட்டர். எண்ணிக்கை அதிகம் என்பதால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட், பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். வேறு எந்த நல்ல குணத்தையும்விட இதுதான் இந்த வண்டியின் பெரிய பலம்.

ஆண்டு பார்த்து வாங்குங்கள். 1932-இல் மூன்றாவது கியருக்கும் டாப் கியருக்கும், மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துவர வைக்கும் சின்க்ரோமெஷ் வந்தது. அதற்கு முந்தைய பெட்டியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். நியூட்ரலில் ஒருமுறை காலை எடுத்து, எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்தோடு ஒத்துவர வைத்து, பிறகு அடுத்த கியரில் விட வேண்டும். பழகினால் இன்பம்தான், ஊருக்குள் நெரிசலில் அது தண்டனை. கியர் லீவர் ஓட்டுநரின் வலது கை அருகே, கதவுப் பக்கம் இருக்கிறது. ஆகவே வலது கதவு வழியாக ஏறும்போது கால் அதில் தடுக்கும். இடது பக்கமாக ஏறி நகர்ந்து உட்காருபவர்களும் உண்டு.

என்ன கெடும்? முதல் எதிரி தண்ணீர்ப்பாதைச் சேறு. வார்ப்பிரும்பு பிளாக், அதே வார்ப்பிரும்பில் ஹெட். தொண்ணூறு ஆண்டுத் துரு உள்ளே உதிர்ந்து, ரேடியேட்டரிலிருந்து தொலைவில் இருக்கும் ஆறாவது சிலிண்டரைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். முன்பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும், வெப்பமானி முள்ளும் ஒழுங்காகவே காட்டும், பின்பக்கம் மட்டும் கொதிக்கும். அங்கேதான் ஹெட் விரிசல் விடும். சோதிப்பது எளிது. வண்டியை அரை மணி ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் பிளாக்கின் முன், நடு, பின் மூன்று இடங்களிலும் அளந்து பாருங்கள். பின்பக்கம் மட்டும் தெளிவாக ஏறி நிற்குமானால் பிளாக்கின் பக்கவாட்டு மூடித்தகட்டைக் கழற்றிச் சுரண்டி எடுக்க வேண்டிய வேலை காத்திருக்கிறது. அந்தத் தகடு அலுமினியம், அரிக்கும். கழற்றினால் புதிது போடுங்கள்.

இரண்டாவது எதிரி எண்ணெய்ச் சேறு. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்கள் உள்ளீடற்றவை, இரு பக்கமும் மூடி போட்டவை. சுழலும்போது எண்ணெயில் உள்ள அழுக்கு மையவிலக்கு விசையால் அந்தப் பொந்துக்குள் போய்ச் சேரும். எண்ணெயைச் சுத்தமாக வைக்க அது நல்ல ஏற்பாடு, பல்லாண்டுகளுக்கு ஒருமுறையாவது மூடியைத் திறந்து வழித்தெடுத்தால். வழிக்காமல் விட்டால் துளை அடைபட்டு, கனெக்டிங் ராடின் வெள்ளை உலோகப் பேரிங் எண்ணெய் இல்லாமல் உருகும். பழைய எண்ணெயில் நெடுநாள் ஓடிய எஞ்சினில் நவீன டிடர்ஜென்ட் எண்ணெயைத் திடீரென ஊற்றுவது இதைத் துரிதப்படுத்தும். கட்டியிருந்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கழன்று ஓடி வரும். முதலில் எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றித் துடைத்து, கிராங்க் பொந்துகளைச் சுத்தம் செய்து, அதன்பிறகுதான் எண்ணெய் மாற்றம்.

கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்க ஓர் உராய்வுத் தட்டு இருக்கிறது. வண்டி ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தால் அது பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் வண்டி நடுங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் பேலன்ஸ் சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பிப் பிரித்துவிடாதீர்கள்.

ஆரம்ப வண்டிகளில் பெட்ரோல் ஊட்டுவது ஆட்டோவாக். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் டேங்கிலிருந்து இழுத்து, சின்னத் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து தானே இறங்க விடும் ஏற்பாடு. நீண்ட மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஏறினால் வெற்றிடம் குறைந்து தொட்டி காலியாகும், வண்டி திணறி நிற்கும். கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு கணம் காலைத் தளர்த்தினால் மறுபடி நிரம்பும். இது தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்தவர்கள் ஏராளம். இக்னிஷன் காயில் மூலம். கூடவே மாற்றாக, பேட்டரி இல்லாமல் தானே பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு மேக்னெட்டோ. அவசரத்துக்கு அதை இணைத்து, ஒயர்களை மாற்றிக்கொண்டு வீடு வரலாம்.

1936-இல் இதன் வாரிசாக வந்த 25/30, ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டு விட்டத்தை மட்டும் 88.9 மி.மீ. ஆக்கி 4,257 சி.சி.க்குப் போனது. கனமான பாடிதான் வேண்டும் என்றால் அதைப் பாருங்கள். தனியாக, வேகமாக ஓட்டுவதே ஆசை என்றால் இதே 3,669 சி.சி. எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர் வைத்து டெர்பியிலேயே கட்டிய பென்ட்லி 3½ லிட்டரையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிரேக்: மூன்றிலும் ஒன்றே

மூன்று வண்டிகளிலும் பிரேக்குக்குத் துணை நிற்பது கியர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள உராய்வுச் சர்வோ. ஹிஸ்பானோ-சுய்சா கார் கம்பெனியின் பொறியாளர் மார்க் பிர்கிட் கண்ட தத்துவத்தை உரிமம் பெற்று ரோல்ஸ்-ராய்ஸ் தன் பாணியில் மாற்றிக்கொண்டது. ஓடும் வண்டியின் சுழற்சியிலிருந்தே விசையைக் கடன் வாங்கி நான்கு சக்கரத்துக்கும் அனுப்புகிறது. நல்ல நிலையில் இருந்தால் இரண்டு டன் வண்டி அந்தக் காலத்தை மறக்கடிக்கும் அளவுக்கு நிற்கும். ஆனால் சுழற்சி இருந்தால்தான் உதவி. வண்டி நிற்கும்போது சர்வோ பூஜ்யம். நடைவேகத்தில் ஒரு சிறு தாமதம். கேரேஜுக்குள் ஏற்றும்போது சுவரில் முட்டுவது இதனால்தான். கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து சர்வோ லைனிங்கில் பட்டால் உதவி பாதியாகிவிடும். வெறிச்சோடிய தட்டையான சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதித்துப் பாருங்கள். காலின் அழுத்தத்தைவிட அதிகமாகப் பிடிப்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சர்வோவைத் திறந்தாக வேண்டும்.

ஃபேன்டம் 2: தூரம் போகிறவருக்கு

1929-இல் வந்தது. இதற்கு முந்தைய ஃபேன்டம் 1-இல் கியர் பெட்டி எஞ்சினிலிருந்து தள்ளித் தனியாக இருந்தது. பின்னால் நீளக் கான்டிலீவர் ஸ்பிரிங். ஃபேன்டம் 2-இல் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தன, திறந்த ஷாஃப்ட்டும் ஹைப்பாய்டு ஆக்சிலும் வந்தன, நான்கு மூலையிலும் அரைநீள்வட்ட இலை ஸ்பிரிங்குகள் அமைந்தன. சட்டம் தாழ்ந்தது, வளைவுகளில் நிலைத்தன்மை கூடியது. ரோல்ஸ்-ராய்ஸின் பெரிய வண்டிகளான 40/50 வரிசை ஓட்டுநரின் வண்டியாக மாறியது இங்கேதான்.

இதில் வாங்க வேண்டியது கான்டினென்டல். நிறுவனர் ஹென்றி ராய்ஸ் தனக்கென ஒன்று வேண்டும் என்று கம்பெனியின் வடிவமைப்பாளர் இவான் எவர்ண்டனைக் கொண்டு உருவாக்கிய முன்மாதிரி வண்டியிலிருந்து பிறந்தது. சாதாரண சேசிஸின் 3.81 மீட்டர் வீல்பேஸுக்குப் பதிலாக 3.66 மீட்டர், விறைப்பான ஸ்பிரிங், உயர்ந்த ஆக்சில் விகிதம். பார்க்கர் பாடியுடன் அந்த முன்மாதிரி 1930 செப்டம்பரில் பியாரிட்ஸ் அழகுப் போட்டியில் முதல் மரியாதையைப் பெற்றது. பிரான்சின் நீண்ட நேர் சாலைகளில் நாள் முழுவதும் வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்தது. இன்றும் மணிக்கு 95-100 கி.மீ.யில் ஏதோ வேறு வேலையாகப் போவதுபோல ஓடும். சாதாரண சேசிஸில் கட்டிய லிமோசின் விலையில் மலிவு. ஆனால் அதை நிறுத்த ஷெட் தேடுவதே தனி வேலை, 3.81 மீட்டர் என்பது வீல்பேஸ் மட்டும்தான்.

இதன் பலவீனம் ஹெட். மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு வார்ப்பிரும்பு பிளாக்குகள். அவற்றின் மேல் நீளமான ஒரே அலுமினிய ஹெட். இரண்டு உலோகம், நடுவில் தண்ணீர்: மின்வேதி அரிப்பு நடந்தே தீரும். தண்ணீர்த் துளைகளின் ஓரம் கரையான் அரித்த கட்டைபோல் ஆகிவிடும், ஹெட்டைப் பிடித்து நிற்கும் திருகு தண்டுகளான ஸ்டட்கள் ஹெட்டோடு ஒட்டிவிடும். கழற்றுவதற்கு நாள்கணக்கில் துரு நீக்கும் எண்ணெய் ஊறவிட்டு, ஸ்டட்களின் மீது நின்று மேல்நோக்கி இழுக்கும் தகடு வைத்து, எல்லா முனையிலும் சமமாக உயர்த்த வேண்டும். பொறுமை இழந்து உளியை நடுவில் அடித்தால் ஹெட்டும் போகும், பிளாக்கின் முகமும் போகும். புதிய ஹெட் கிடைக்கிறது, விலை கனமானது. ஆகவே விற்பவரிடம் முதல் கேள்வி: ஹெட் கடைசியாக எப்போது இறங்கியது? “இதுவரை தொட்டதே இல்லை” என்று பெருமையாகச் சொன்னால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். பிறகு உங்கள் கையில் வந்ததும் அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட்டை அயனி நீக்கிய தண்ணீரில் கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒரு வரிசைக்கு மேக்னெட்டோ, மற்றதற்குக் காயில். இரண்டும் ஒரே நேரத்தில் பொறி விட வேண்டும். ஓடும்போது ஒன்றை அணைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டு முறையும் சுழற்சி ஒரே அளவு குறைய வேண்டும். ஒன்றில் மட்டும் தள்ளாடினால் டைமிங் பிசகியிருக்கிறது அல்லது மேக்னெட்டோவின் சுருள் வலுவிழந்துவிட்டது.

சேசிஸின் மூட்டுகளுக்கெல்லாம் ஒரு பெடலை மிதித்தால் எண்ணெய் போகும் பிஜூர் ஏற்பாடு உண்டு. ஆனால் முனைகளில் உள்ள சொட்டு அடைப்பான்கள் அடைபடும். மிதித்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு முனையிலும் ஈரம் வருகிறதா பாருங்கள். ஒரு கிங்பின் காய்ந்திருந்தாலே ஸ்டியரிங் கனக்கும்.

ஃபேன்டம் 3: எஞ்சினின் ரசீதை வாங்குகிறீர்கள்

1936 முதல் 1939 வரை 727 வண்டிகள்தான். 1930-இல் காடிலாக் V16-உம், அடுத்த ஆண்டு ஹிஸ்பானோ-சுய்சாவின் V12-உம் வந்தபோது ஆறு சிலிண்டரில் நின்றிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விமான எஞ்சின்களில் V12 செய்து கைதேர்ந்த கம்பெனி அது. அலுமினியக் கலவையில் பிளாக், அதில் தண்ணீர் நேரடியாகப் படும் சிலிண்டர் குழாய்களான ஈர லைனர்கள், நடுவில் ஒரே கேம்ஷாஃப்ட், 24 பிளக், இரண்டு டிஸ்டிரிபியூட்டர். முன்னால் ஜெனரல் மோட்டார்ஸ் பாணியில் சுயேச்சை சஸ்பென்ஷன். அந்த அமெரிக்க வடிவமைப்பில் பங்கு வகித்த மாரிஸ் ஆலி முன்பு ரோல்ஸ்-ராய்ஸிலேயே இருந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை. ராய்ஸ் 1933 ஏப்ரலில் இறந்துவிட்டார். இந்த வண்டி முடிந்து வந்ததை அவர் பார்க்கவில்லை.

நன்றாக இருக்கும் ஃபேன்டம் 3-ஐ ஓட்டினால் மற்ற இரண்டும் பழைய வண்டிகளாகத் தோன்றும். டாப் கியரில் ஆள் நடக்கும் வேகத்திலிருந்து 140 கி.மீ. வரை இழுக்கும், மேடு என்பது தெரியாது. கரடுமுரடான சாலையில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குவதால் கையில் அடி வராது. மொத்த எடை இரண்டரை டன்னைத் தாண்டும் என்பது ஓடத் தொடங்கியதும் மறந்துபோகும், பெட்ரோல் பங்கில் நினைவுக்கு வரும்: லிட்டருக்கு மூன்று கி.மீ. சுமார். 20/25 ஐந்தைத் தொடும்.

சிக்கல் வால்வுப் பகுதியில் தொடங்குகிறது. ஆரம்ப வண்டிகளில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு இருந்தது. அதன் எண்ணெய் வழிகள் நுண்ணியவை. அன்றைய எண்ணெயும் வடிகட்டலும் அந்த நுணுக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அழுக்கு சேர்ந்து ஒன்று இறுகினால் கேம் முகடு தேயத் தொடங்கும். 1938-இல் வந்த கடைசித் தொடரில், அதாவது சேசிஸ் எண் 3DL என்று தொடங்கும் வண்டிகளில், கம்பெனியே ஹைட்ராலிக்கை விட்டு, வால்வைத் தள்ளும் திடமான டேப்பெட்டுக்கு மாறிவிட்டது. முந்தைய வண்டிகள் பலவும் பிறகு அப்படி மாற்றப்பட்டன. 3DL-இல் ஓவர்டிரைவ் கியர் பெட்டியும் கிடைக்கும் என்பதால் அந்தத் தொடருக்கே எங்கள் வாக்கு.

மாற்றாத வண்டி என்றால் வால்வுகளின் மேலுள்ள ராக்கர் மூடிகளைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு எழுகிறது என்று 24-ஐயும் அளக்க வேண்டும். இன்லெட் பன்னிரண்டும் தமக்குள் ஒத்துப்போக வேண்டும். எக்ஸாஸ்ட் பன்னிரண்டும் அப்படியே. ஒன்றிரண்டு குறைந்து எழுந்தால் கேம் தேய்ந்திருக்கிறது. அடுத்து டிப்ஸ்டிக். எண்ணெய் பால் கலந்தது போலிருந்தால் லைனர் அடியில் உள்ள சீல் விட்டுத் தண்ணீர் இறங்குகிறது. அலுமினிய பிளாக்கின் உள்ளே அரிப்பு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வண்டியில் எஞ்சின் பிரித்த புகைப்படங்களும் ரசீதுகளும் பாடியின் பளபளப்பைவிட மதிப்புள்ளவை. ஒரு ஃபேன்டம் 3 எஞ்சினை முழுதாகப் புதுப்பிக்கும் செலவில் நல்லதொரு 20/25-ஐ வாங்கி, ஓட்டிக்கொண்டும் இருக்கலாம்.

மரம்

பாடியின் எலும்புக்கூடு ஆஷ் மரம். கதவுத் தூண்களின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள குறுக்குக் கட்டை ஆகிய மூன்று இடங்களில் உளுத்துப்போகும். கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கமாக மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் சின்ன வேலை. தூணே சேர்ந்து ஆடினால் உலோகத் தகட்டை உரித்து மரத்தை மாற்ற வேண்டும். எஞ்சின் வேலைக்குச் சமமான பணமும் அதைவிட அதிக நாள்களும் பிடிக்கும். புதுப் பெயின்ட் அடித்த வண்டியை இன்னும் சந்தேகத்தோடு தூக்கிப் பாருங்கள்.

எதை எடுப்பது

மாதத்தில் இரண்டு மூன்று முறை, நூறு கி.மீ.க்குள், குடும்பத்தோடு போய்வர 1932-க்குப் பிந்தைய 20/25 இலகு சலூன். கைக்கு அடக்கமான செலவு, உதிரி பாகத்துக்குக் கவலை இல்லை. ஊர் ஊராக நீண்ட பயணம் போகிற ஆசையும் அதற்கான பணமும் இருந்தால் ஹெட் வேலை முடிந்த ஃபேன்டம் 2 கான்டினென்டல். மூன்றில் ஓட்டுநருக்கு அதிகம் தருவது அதுதான், எங்கள் மனமும் அங்கேதான் சாய்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண சேசிஸ் லிமோசினுக்கு இறங்கிவிடாதீர்கள். ஹெட்டின் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஃபேன்டம் 3 என்றால் 3DL தொடர், அல்லது டேப்பெட் மாற்றி எஞ்சின் பிரித்ததற்கு ஆதாரம் உள்ள வண்டி. வாங்கிய பிறகு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கவே கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுச் சூட்டுக்கு ஓட்டி எண்ணெயை எல்லா மூலைக்கும் அனுப்ப வேண்டும். அவ்வளவு நேரம் இல்லாதவருக்கும், ராக்கர் மூடியைத் திறந்து காட்ட மறுக்கும் விற்பனையாளருக்கும் பதில் ஒன்றே: அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.